வசனத்தில் இல்லாததை "வேதம் சொல்கிறது" என்று சொல்லலாமா?

கேள்வி:
எங்கள் வேதபாடக் குழுவில் போன வாரம் ஒரே வாக்குவாதம். லீதியாள் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றாள் (அப்போஸ்தலர் 16), வீட்டார் என்றால் குழந்தைகளும்தானே என்றார் ஒருவர். குழந்தை என்ற வார்த்தையே அங்கே இல்லை, எழுதியிருப்பதை மட்டும் பேசுங்கள், மனுஷ லாஜிக் வேண்டாம் என்று அடித்துச் சொல்லிவிட்டார் இன்னொருவர். லாஜிக்கே கூடாதா? திரித்துவம் என்ற வார்த்தையும்தான் வேதத்தில் இல்லையே.

பதில் 1:
அவரை மத்தேயு 22 வாசிக்கச் சொல்லுங்கள் பிரதர். உயிர்த்தெழுதலே இல்லை என்ற சதுசேயரிடம் இயேசு எடுத்துக் காட்டியது, முட்செடியில் மோசே கேட்ட "நான் ஆபிரகாமின் தேவன்" என்ற வாக்கியம். அதில் உயிர்த்தெழுதல் என்ற பேச்சே கிடையாது. ஆபிரகாம் இறந்து பல நூறு வருஷம் ஆன பிறகும் அவனுடைய தேவன் என்கிறார், தேவனோ மரித்தோரின் தேவன் அல்ல, அப்படியானால்? அந்த முடிவு அவர்களுக்கே எட்டியிருக்க வேண்டும் என்றுதான் கடிந்துகொள்கிறார். 1646-இல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் (பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் விசுவாசப் பிரமாணம்), வேதத்திலிருந்து கட்டாயமாக வருகிற முடிவை எழுதியிருப்பதோடு சேர்த்தே வைக்கிறது.

பதில் 2:
"கட்டாயமாக" என்பதில்தான் சிக்கல். யோவான் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். இயேசுவுக்கு அன்பாயிருந்த சீஷனைப் பற்றிப் பேதுரு கேட்டதற்கு, நான் வருமளவும் இவனிருக்க எனக்குச் சித்தமானால் உனக்கென்ன என்றார் இயேசு. உடனே அவன் மரிக்கமாட்டான் என்ற பேச்சு சகோதரருக்குள்ளே பரவிவிட்டது! "சித்தமானால்" என்பதில் இருந்த "ஆனால்" எங்கேயோ விழுந்துபோயிற்று. 23-ஆம் வசனம் இயேசு அப்படிச் சொல்லவில்லை என்று திருத்தி, அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே திரும்ப எழுதுகிறது. சுவிசேஷத்துக்குள்ளேயே ஒரு தப்பான அனுமானத்துக்கு மறுப்பு, எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கேள்வி கேட்டவர்:
சரி, அப்போ லீதியாள் வீடு?

பதில் 2:
குழந்தை இருந்திருக்கலாம், அவ்வளவுதான். இருந்தே தீர வேண்டும் என்று அந்த வசனத்திலிருந்து வராது, இல்லை என்றும் வராது. குழந்தை ஞானஸ்நானத்தை விவரமாக வாதிடுகிறவர்கள் அதனால்தான் அங்கேயே நிற்பதில்லை, ஆதியாகமம் 17-இல் எட்டாம் நாள் விருத்தசேதனத்துக்கும், விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்துப் பேசும் கொலோசெயர் 2-க்கும் போவார்கள். அடுத்த வாரம் அதை எடுங்கள்.

பதில் 1:
குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று எழுதியிருக்கிறதா என்றும் அவரிடமே கேட்டுப் பாருங்கள் 😄 மத்தேயுவில் மூன்று என்பது காணிக்கைதான்.