பிரான்ஸ், தனியாக, குறைந்த செலவில்: இன்னும் மண்டையைக் குடையும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

நடைவண்டி

முதல் தடவை தனியாகக் கிளம்பத் திட்டம் போடுகிறவர்கள் என்னிடம் செலவுக் கணக்குதான் கேட்கிறார்கள். கணக்கு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். சம்பவம் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன்.

அவிஞோன். ஊருக்கு 2 ஸ்டேஷன் என்பது போனவர்களுக்குத் தெரியும். மதில் சுவருக்கு எதிரில் இருப்பது சென்டர், ஊருக்கு வெளியே இருப்பது டிஜிவி, அதாவது அதிவேக ரயில் ஸ்டேஷன். 3 மாதத்துக்கு முன்னால் டிக்கெட் எடுத்தபோது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அன்று காலை போப் அரண்மனையைப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தபோது கால் தானாகப் பக்கத்து ஸ்டேஷனுக்குள் நுழைந்துவிட்டது. பாரிசுக்கு 25 யூரோ டிக்கெட், திருப்பிக் கொடுக்க முடியாத வகை.

பலகையில் என் ரயில் இல்லை. வாசலில் நின்ற வயதான ஊழியரிடம் போனை நீட்டினேன். அவர் திரையில் இருந்த டிஜிவி என்ற அந்த 3 எழுத்துகளை நகத்தால் தட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார். படபடவென்று ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது ஒரே சொல், 'கத்ர்'. நான்கு. பத்து வரை எண்ண மட்டும் கற்றுக்கொண்டு போயிருந்தேன், அந்தப் பெருமை வேறு. 'மெர்சி' சொல்லிவிட்டு நான்காவது பிளாட்பாரத்துக்கு ஓடினேன். அவர் பின்னாலிருந்து கத்தினார். அதற்கும் கையை உயர்த்தி ஒரு மெர்சி.

அவர் சொன்னது, டிஜிவி ஸ்டேஷனுக்குப் போகும் சின்ன ரயில் இன்னும் 4 நிமிடத்தில் கிளம்புகிறது என்று. அங்கே போக மிஞ்சிப்போனால் 6 நிமிடம். பிடித்திருந்தால் என் வண்டி கிடைத்திருக்கும்.

புது டிக்கெட்டுக்கு 90 யூரோவுக்கு மேல் போனது. அது போகட்டும். அந்த மனிதர் கத்தியதற்கு நான் கையாட்டினேனே, அதுதான் இன்னும் தாங்கவில்லை.

குறட்டைப்புலி

லியோன், பழைய ஊர்ப் பக்கம், பேக்கரி. காலை 8 மணி, எனக்குப் பின்னால் 6 பேர். "ஒரு குரோசான்ட் ப்ளீஸ்" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்து "பொன்ஜூர்" என்றார். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். "பொன்ஜூர்." விரலை நீட்டிக் காட்டினேன். மறுபடியும் அதே பொன்ஜூர், அதே குரல், முகத்தில் ஒரு சலனமும் கிடையாது. பின்னால் நின்றவர்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பொன்ஜூர் என்று நான் சொன்ன பிறகுதான் இடுக்கியைக் கையில் எடுத்தார்.

அன்று ராத்திரி ஹாஸ்டல் படுக்கையில் கிடந்தபடி அந்தக் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, இனவெறி என்று எழுதிவிட்டேன். 2 நாள் கழித்து ஒரு பஸ்ஸில் ஏறிய பிரெஞ்சுக்காரப் பெரியவர் ஒருவர் வணக்கம் சொல்லாமல் நேராக வழி கேட்டார். டிரைவர் அவருக்கும் அதே வைத்தியம் பண்ணினார். சுத்தமான வெள்ளைக்காரர், 70 வயதிருக்கும், தலையைச் சொறிந்துகொண்டு பொன்ஜூர் சொன்னார்.

உடனே போய் என் விமர்சனத்தை அழித்தேன். அதற்குள் 11 பேர் அதைப் பயனுள்ளது என்று அழுத்தியிருந்தார்கள். அந்தப் 11 பேரை எங்கே போய்த் தேடுவது?

பாகற்காய்

புலி, உங்கள் கதை நல்ல கதைதான், ஆனால் 'அதெல்லாம் இனவெறி இல்லை, வணக்கம் சொல்லாததுதான் காரணம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடாதீர்கள். எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

ஊர் திரும்பும் நாள். பாரிசுக்குள் சுற்ற வைத்திருந்த அட்டையில் 3 சாதா டிக்கெட் மிச்சம் இருந்தது. அதைக் காட்டி விமான நிலையம் போகும் ஆர்இஆர் பி ரயிலில் ஏறிவிட்டேன். விமான நிலையத்துக்குத் தனி டிக்கெட் என்று தெரியாது. சாதாவுக்கு அப்போது 2.50, விமான நிலையத்துக்கு 13. இறங்கிய இடத்தில் வாயில் திறக்கவில்லை. எனக்குப் பக்கத்து வாயிலிலும் ஒரு பையன் மாட்டிக்கொண்டு நின்றான், பொன்னிற முடி, முதுகில் கிடார். பரிசோதகர்கள் இரண்டு பேர் வந்தார்கள். என்னிடம் பாஸ்போர்ட், அபராதச் சீட்டு. அவனிடம் சிரித்து இரண்டு வார்த்தை பேசினார்கள், கதவைத் திறந்துவிட்டார்கள்.

அவன் கையில் சரியான டிக்கெட் இருந்து மெஷின் கோளாறாக இருந்திருக்கலாம். இருக்கலாம். நான் பார்த்தது கதவு திறந்ததை மட்டும்தான். விமானம் முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

குறட்டைப்புலி

உங்கள் டிக்கெட் தப்பு என்பது தப்புதானே?

பாகற்காய்

என் டிக்கெட் சரி என்று நான் எங்கே சொன்னேன்?

ஓய்வூதியன்

சண்டை வேண்டாம். நான் 2019-ல் போனேன், 61 வயதில், தன்னந்தனியாக. லூவர் மியூசியத்துக்குச் செவ்வாய்க்கிழமை போய் நின்றேன். செவ்வாய் விடுமுறை. கண்ணாடிப் பிரமிடுக்கு முன்னால் என்னைப் போலவே ஒரு ஜப்பானியர். பூட்டிய கதவைப் பார்த்தோம், பிறகு ஒருவருக்கொருவர் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுப் பிரிந்தோம். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே படிக்கிற பிள்ளைகளுக்காகச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். விசாவிலிருந்தே தொடங்குவோம். பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கையில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்று எல்லோரும் குழம்புகிறார்கள். பிரான்ஸ் வைத்திருக்கும் கணக்கு, ஹோட்டல் பதிவு இருந்தால் நாளுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120. ஆகவே ரத்து செய்யக்கூடிய ஹாஸ்டலாகப் பார்த்து எல்லா இரவுக்கும் முதலிலேயே பதிவு செய்யுங்கள். ஊர்வரி தனி, அதைப் பெரும்பாலும் அங்கே போய்த்தான் கட்ட வேண்டும்.

அடுத்து ரயில். டிஜிவி டிக்கெட் விமான டிக்கெட் மாதிரி நாளாக ஆக ஏறும், முன்கூட்டியே எடுங்கள். வட்டார ரயில்களான டிஇஆரில் அந்த அவசரம் இல்லை, போகும் அன்றே எடுத்துக்கொள்ளலாம். மலிவு ரயில் என்று ஊய்கோ ஒன்று உண்டு, பெரிய பெட்டி கொண்டுபோனால் அதற்குத் தனிக் காசு, கைப்பெட்டியோடு போகிறவர்களுக்குத்தான் அது மலிவு. மே 1 அன்று பயணம் வைக்காதீர்கள், சில ஊர்களில் பஸ்கூட ஓடாது.

சாப்பாடு. மதியம் 12-லிருந்து 2-க்குள் உட்கார்ந்துவிட வேண்டும். சின்ன ஊர்களில் அதற்கு மேல் அடுப்பை அணைத்துவிட்டால் ராத்திரி 7 வரை பேக்கரிதான் கதி. தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும், சாப்பாட்டோடு அது இலவசம். பாரிஸ் தெருக்களில் பச்சை நிற இரும்புக் குழாய்கள் நிற்கும், நான்கு பெண் சிலைகள் கூரையைத் தாங்கியபடி. 1872-ல் வாலஸ் என்ற ஆங்கிலேயர் தன் செலவில் வைத்துக் கொடுத்தவை. குடிக்கலாம், நான் குடித்தேன். லூவருக்கு 2026 ஜனவரி முதல் நம்மைப் போல ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ. கர்னவலே, பெத்தி பலே என்ற இரண்டு மியூசியங்களிலும் நிரந்தரக் காட்சி இலவசம், கூட்டமும் குறைவு. ஓர்சே மியூசியம் திங்கட்கிழமை மூடல். இரவு ரயில் மட்டும் வேண்டாம், தூக்கம் கெடும், தனியாகப் போகும் பெண் பிள்ளைகளுக்குச் சரிப்படாது.

பச்சைமிளகாய்

ஐயா, உங்கள் கதை 6 வரி, அறிவுரை 3 பக்கம். :) கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் ஸ்டேஷனிலிருந்து நீஸுக்கு இரவு ரயிலில்தான் போனேன், 2021-ல் மறுபடி ஓட ஆரம்பித்தார்களே அது. ஒரு ராத்திரி ஹாஸ்டல் வாடகை மிச்சம். ஒரு அறையில் 6 படுக்கை, நம் ஊர் ஸ்லீப்பர்தான், பக்கவாட்டு பெர்த் மட்டும் இல்லை. பயமாக ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது வேறு.

நடு ராத்திரி எங்கேயோ வண்டி நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் அசையவில்லை. கீழ்ப் படுக்கைப் பாட்டி எழுந்து, சின்ன விளக்கைப் போட்டு, பையிலிருந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து நறுக்கினார். அந்த நாற்றம் இருக்கிறதே! எதிர்ப் படுக்கைப் பையன் வாங்கிக்கொண்டான், இன்னொருவரும் இறங்கி வந்தார். அப்புறம் பாட்டி என் படுக்கைப் பக்கம் திரும்பி "மத்மசெல்?" என்று மெதுவாகக் கூப்பிட்டார். நான் விழித்துத்தான் இருந்தேன். புறப்படும் முன்பு வீட்டில் சித்தியிலிருந்து எதிர் வீட்டு மாமா வரை எல்லோரும் சொல்லி அனுப்பியது ஒன்றுதான், ரயிலில் யார் எதைக் கொடுத்தாலும் சாப்பிடாதே. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்.

காலையில் சான் ரஃபேல் தாண்டிச் சிவப்புப் பாறையும் கடலும் ஜன்னலில் வந்தபோது எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைத் தவிர. என் தலைமாட்டில் காகித நாப்கினில் சுற்றி ஒரு துண்டு ரொட்டி இருந்தது. பாலாடைக்கட்டி இல்லாமல். மூக்கைச் சுளித்ததைப் பார்த்திருப்பார் போல. அப்படியானால் தூங்கவில்லை என்பதும் தெரிந்திருக்கும்.

(பெண்களுக்கு மட்டுமான அறையும் பதிவின்போது கேட்கலாம், ஐயாவின் கவலைக்காகச் சொல்கிறேன்.)

தயிர்சாதம்

பாரிசில் முதல் வாரம் குளிர் தாங்காமல் மூன்று தடவை வெங்காய சூப் குடித்தேன். மேலே ரொட்டி, உருகிய சீஸ், சொர்க்கம். வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் "இங்கே நமக்குச் சாப்பிட நிறைய இருக்கிறது, வெங்காய சூப் மட்டுமே போதும்" என்று அளந்தேன். அம்மா அதை அக்கம்பக்கம் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

லியோன் ஹாஸ்டல் சமையலறையில்தான் ஒரு பெண் சொன்னாள், அது மாட்டெலும்புச் சாற்றில் கொதிக்க வைப்பது என்று. 4 வருடம் ஆகிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போன மாதம்கூட ஒரு கல்யாணத்தில் யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சைவர்களுக்கு நீஸில் சொக்கா கிடைக்கும். கடலை மாவு, ஆலிவ் எண்ணெய், உப்பு, மேலே மிளகு. பெரிய தட்டில் விறகடுப்பில் சுட்டு, சுரண்டிக் காகிதத்தில் கொடுப்பார்கள். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

மஞ்சள்பை

லாச்சப்பல். காரே து நோர் ஸ்டேஷனுக்குப் பின்னால் நம் ஆட்கள் கடைகள் இருக்கும் தெரு. மழை, 9 நாளாக ரொட்டி, ஒரு கடையில் போய் உட்கார்ந்து கொத்து ரொட்டி சாப்பிட்டேன். பரிமாறிய அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி எவடம்?"

"மதுரைண்ணா."

"வேலை தேடியோ?"

"இல்லண்ணா, சும்மா சுத்திப் பார்க்க. தனியா."

அந்த 'சும்மா' என்ற சொல் அவர் முகத்தில் ஏதோ செய்தது. தான் வந்து 28 வருடம் ஆகிறது என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு ஈபிள் கோபுரத்தில் லிஃப்டை விட்டுவிட்டு 674 படி ஏறி இரண்டாம் தளம் போனதையும், அதில் எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்பதையும் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் நின்று முழுக்கக் கேட்டார். கிளம்பும்போது டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "வைச்சிரும் தம்பி, வழியில தேவைப்படும்."

ஊருக்கு வந்த பிறகு செலவுக் கணக்கு எழுதிய தாளை எடுத்துப் பார்த்தேன். அன்றைய தேதியில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: 'டீ 0. மிச்சம் 2 யூரோ.' பக்கத்தில் ஒரு டிக் மார்க்.

அரைடிக்கெட்

எல்லோருக்கும் நன்றி. நான் நவம்பரில் போகிறேன், முதல் தடவை, பாரிஸ், லியோன், அவிஞோன், நீஸ், 12 நாள். பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. அவிஞோனில் எனக்கும் டிஜிவிதான். முதல் நாளே ஸ்டேஷனைப் பார்த்து வைத்துவிடுகிறேன்.

ஓய்வூதியன்

நவம்பரா? 1-ஆம் தேதியும் 11-ஆம் தேதியும் அரசு விடுமுறை, கவனம். மழைக்குக் குடை போதாது, தொப்பி வைத்த சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலுறை 6 ஜோடி. மாத்திரைச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி...

பச்சைமிளகாய்

ஐயா!

அரைடிக்கெட்

நடைவண்டி அக்கா, ஒன்று கேட்கலாமா? அந்த நான்காவது பிளாட்பாரத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்?

நடைவண்டி

20 நிமிடம். நடுவில் எதிர்ப் பக்கம் 2 பெட்டியோ 3 பெட்டியோ வைத்த ஒரு குட்டி ரயில் வந்து நின்றது. ஜன்னலில் ஒரு குழந்தை டாட்டா காட்டியது. நானும் காட்டினேன். வண்டி போய்விட்டது.