வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி பழக்க ஆள் தேவை (பரந்தன், கிளிநொச்சி)

வணக்கம். பரந்தன் பக்கம் வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி பழக்கக்கூடிய ஆள் ஆரையும் தெரியுமா? அண்ணாவுக்கு வயது 46, இடது முழங்காலுக்குக் கீழ செயற்கைக்கால். ஜிம்மில எல்லாருக்கும் குடுக்கிற அட்டவணை சரிவராது. கனநேரம் கதிரையில இருந்தால் இடுப்பு மடங்கினபடியே இறுகும். அதால குப்புறப் படுத்து, காலைப் பின்னால தூக்கிற பயிற்சி கட்டாயம் வேணும்.

முக்கியமான விசயம்: வேர்த்தால் கால் சொக்கெற்றுக்குள்ள (செயற்கைக்காலில மிச்சக்காலைச் செருகிற கிண்ணம்) வழுக்கித் தோல் உரியும். கழட்டி 10 நிமிசம் கழிஞ்சும் சிவப்பு மாறாட்டி, அண்டைக்கு நிப்பாட்டத் தெரிஞ்சவராய் இருக்கவேணும்.

கிழமைக்கு 3 நாள், பின்னேரம் 5 மணிக்குப் பிறகு, 45 நிமிசம். முதல் வகுப்பைப் பார்த்துப்போட்டு மாதக்காசு பேசுவம், பெற்றோல் செலவு தனி. பிசியோதெரபி படிச்சவை எண்டால் இன்னும் நல்லம். தெரிஞ்சவை இன்பொக்ஸில சொல்லுங்கோ.