மகன் குர்ஆன் ஓதி முடித்துவிட்டான், "அதுல என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்கிறான்

கம்பம்_அத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும். போன வெள்ளிக்கிழமை என் மகன் மக்தபில் (குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் பள்ளியில்) முதல் தடவையாகக் குர்ஆனை முழுசாக ஓதி முடித்தான். வயது 10. "அலிஃப் ஜபர் அ, அலிஃப் ஜேர் இ, அலிஃப் பேஷ் உ" என்று எழுத்தோடு உயிர்க்குறியைக் கூட்டிப் படிக்கத் தொடங்கி நாலு வருஷம் ஆகிவிட்டது. ஓதிக்கொடுத்த ஹஸ்ரத் துஆ செய்தார், பிள்ளைகளுக்குப் பூந்தி கொடுத்தோம், என் அம்மா அழுதேவிட்டார். அன்று ராத்திரி படுக்கும்போது கேட்டான்: "அத்தா, இவ்வளவு ஓதுனேன்ல, அதுல என்ன சொல்லியிருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. 25 ரமலானாக வருஷத்துக்கு ஒரு கத்தம் (முழுக் குர்ஆன் ஓதல்) முடிக்கிறவன் நான். "நல்லதுதான் சொல்லியிருக்கு, தூங்குப்பா" என்றேன். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன மாசம் எங்கள் தெருவில் ஒரு மவுத் (இறப்பு). வழக்கம்போல எல்லாரும் உட்கார்ந்து யாஸீன் சூராவை (குர்ஆன் அத்தியாயத்தை) ஓதினோம். 83 வசனம், எனக்கு மனப்பாடம். மகன் கேட்ட பிறகு தமிழ் தர்ஜுமாவை (மொழிபெயர்ப்பை) எடுத்து யாஸீனைப் படித்தேன். 70ஆவது வசனத்தில் நின்றுவிட்டேன். உயிரோடு இருப்பவரை எச்சரிப்பதற்காகவே இது என்று இருக்கிறது. மய்யித்துக்கு (இறந்தவர் உடலுக்கு) பக்கத்தில் எத்தனை தடவை அதை ஓதியிருப்பேன்! அது என்னைப் பார்த்துச் சொன்னது என்று ஒரு நாள்கூடத் தெரியாது.

அதனால் என் கருத்தை நேராகவே சொல்கிறேன். நாலு வருஷம் எழுத்துக்கூட்டி ஓத மட்டும் கற்றுக்கொடுப்பது பிள்ளைக்கு நாம் செய்யும் அநீதி. மக்தபில் பாதி நேரம் தமிழில் பொருளுக்குப் போக வேண்டும். ஓதல் கொஞ்சம் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை.

காயல்_ராத்தா:

வஅலைக்குமுஸ்ஸலாம். முதலில் மகனுக்கு பாரக்கல்லாஹ்.

ஆனால் சகோதரரே, "ஓதல் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை" என்ற இடத்தில் நான் உங்களோடு இல்லை. நான் 15 வருஷமாகப் பெண்பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுக்கிறேன். திர்மிதி தொகுப்பில் வரும் ஹதீஸ் (நபிமொழி) உங்களுக்கும் தெரிந்திருக்கும். அல்லாஹ்வின் வேதத்தில் ஓர் எழுத்தை ஓதினால் ஒரு நன்மை, அது பத்து மடங்காகும். அதோடு நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஓர் உதாரணம் சொன்னார்கள்: அலிஃப் லாம் மீம் ஓர் எழுத்து என்று நான் சொல்லவில்லை, அலிஃப் ஓர் எழுத்து, லாம் ஓர் எழுத்து, மீம் ஓர் எழுத்து.

எதை உதாரணமாக எடுத்தார்கள் என்று பாருங்கள். இப்படித் தனி எழுத்துகளோடு 29 சூராக்கள் தொடங்குகின்றன. பெரிய பெரிய முஃபஸ்ஸிர்களே (குர்ஆன் விரிவுரையாளர்களே) "அல்லாஹ்வே அறிவான்" என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போன இடம் அது. யாருக்கும் பொருள் உறுதியாகத் தெரியாத எழுத்தைக் காட்டித்தான் அதற்கும் பத்து நன்மை என்று சொன்னார்கள்.

குர்ஆன் என்ற பேருக்கே ஓதப்படுவது என்றுதான் அர்த்தம். ஏடாக இறங்கவில்லை. 23 வருஷமாகக் காதில் விழுந்து, நாக்கில் ஏறி, நெஞ்சில் தங்கியது. நபியவர்களுக்குப் பிறகு நடந்த யமாமா போரில் மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதான பிறகுதான் முதல் கலீஃபா அபூபக்ர் ரலியல்லாஹு அன்ஹு காலத்தில் ஸைத் பின் ஸாபித் அவர்கள் ஒன்றாகத் தொகுத்தார்கள். அதுவரை நெஞ்சுதான் ஏடு. இன்றைக்கும் தராவீஹில் (ரமலான் இரவுத் தொழுகையில்) இமாம் ஒரு ஜேரை ஜபராக ஓதிவிட்டால் பின்னால் நிற்கிற ஹாஃபிஸ் (குர்ஆனை மனனம் செய்த) பையன் உடனே எடுத்துக் கொடுக்கிறான். அந்தப் பையனை உண்டாக்கியது நீங்கள் குறைக்கச் சொல்கிற அந்த நாலு வருஷம்தான்.

கம்பம்_அத்தா:

நன்மை இல்லை என்று நான் எங்கே சொன்னேன், சகோதரி? நன்மையைக் கணக்குப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம் என்கிறேன். 47ஆவது சூரா 24ஆவது வசனம்: அவர்கள் குர்ஆனைச் சிந்திக்க வேண்டாமா, அல்லது இதயங்களில் பூட்டுகளா? உமர் ரலியல்லாஹு அன்ஹு நபியவர்களைக் கொல்ல வாளோடு கிளம்பிப் போனவர், தங்கை வீட்டில் தாஹா சூராவைக் கேட்டு மாறினார் என்று பயானில் (மார்க்க உரையில்) சொல்கிறோம். புரிந்ததால் மாறினார். புரியாத பாஷையில் கேட்டிருந்தால் வாளை இறக்கியிருப்பாரா?

இன்னொன்று. மூன்று நாளைக்குக் குறைவாகக் குர்ஆனை முடித்தவர் அதை விளங்கவில்லை என்ற ஹதீஸும் அதே திர்மிதியில்தான் இருக்கிறது. விளங்குவது முக்கியமில்லை என்றால் அப்படி ஏன் சொல்ல வேண்டும்?

எங்கள் மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவின்) இமாம் அபூஹனீஃபா அவர்களே தொழுகையில் பாரசீகத்தில் ஓத அனுமதித்ததாகக் கிதாபுகளில் இருக்கிறதே.

ஷார்ஜா_தம்பி:

கம்பம் அண்ணே, அந்தக் கடைசி வாதத்தை விட்டுவிடுங்கள். இமாம் பிறகு அதிலிருந்து திரும்பிவிட்டார்கள் என்றும் அதே கிதாபுகளில் இருக்கிறது. அவர்களுடைய மாணவர்கள் அபூயூஸுஃபும் முஹம்மதும் அரபி வராதவருக்கு மட்டும்தான் சலுகை தந்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அதுவும் இல்லை. தொழுகையில் அரபிதான், அதில் விவாதம் முடிந்து ஆயிரம் வருஷமாகிவிட்டது. நீங்கள் கேட்பது தொழுகைக்கு வெளியே உள்ள விஷயம், அதை மட்டும் பேசுவோம்.

வாசகன்_திருச்சி:

வணக்கம். நான் முஸ்லிம் இல்லை. நண்பன் வீட்டு நோன்புக் கஞ்சிக்குப் போன இடத்தில் ஒரு தமிழாக்கம் கொடுத்தார்கள். கதைப் புத்தகம் படிப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஏழு வரியில் ஒரு பிரார்த்தனை, பிறகு 286 வசனத்தில் பசு என்ற அத்தியாயம். மூஸா வருகிறார், திடீரென்று விவாகரத்துச் சட்டம், கடன் எழுதுகிற முறை, கடைசியில் மறுபடி பிரார்த்தனை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தமிழில்தான் படித்தேன். அதனால் தமிழில் இருந்தாலே புரிந்துவிடும் என்று அண்ணன் சொல்வதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

எங்கள் பக்கமும் இந்தச் சண்டை உண்டு. கோயிலில் அர்ச்சனை தமிழிலா சமஸ்கிருதத்திலா என்று. நான் தமிழ் கட்சி. ஆனால் ஓதுவார் தேவாரம் பாடும்போது பாதி வார்த்தை எனக்குப் புரியாது, இருந்தும் எழுந்து வர மனசு வராது. நீங்கள் இரண்டு பேரும் பேசுவதைப் படிக்கும்போது அதுதான் ஞாபகம் வந்தது.

ஷார்ஜா_தம்பி:

திருச்சி அண்ணே, நீங்கள் பின்னாலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். மொத்தம் 114 சூரா, இறங்கிய வரிசையில் அடுக்கப்படவில்லை. முதலில் இறங்கியது 96ஆவது சூராவின் ஆரம்ப ஐந்து வசனம், ஹிரா குகையில், 610 வாக்கில். "ஓதுவீராக" என்பதுதான் முதல் சொல். நீங்கள் திணறிய பகரா (பசு அத்தியாயம்), மதீனாவுக்கு வந்த பிறகு, ஒரு சமூகமே உருவாகி, கடனும் கல்யாணமும் கணக்கும் வந்த காலத்தில் இறங்கியது. அதனால்தான் சட்டம். மக்காவில் இறங்கிய சிறிய சூராக்கள் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் 30ஆவது பாகமான அம்ம ஜுஸ்விலிருந்துதான் மனனம் செய்வார்கள். 78 முதல் 114 வரை, 37 சூரா. சூரியன் சுருட்டப்படும், மலைகள் பெயர்க்கப்படும், உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம் "எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய்" என்று கேட்கப்படும். 81ஆவதை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள்.

முதல் பக்கத்து ஏழு வரி இருக்கிறதே, ஃபாத்திஹா, அதில் நாங்கள் "நேர்வழி காட்டு" என்று கேட்கிறோம். அடுத்த சூரா "இது பயபக்தியுடையோருக்கு வழிகாட்டி" என்று தொடங்குகிறது. கேட்டதற்குப் பதில் வருகிறது என்று எங்கள் உஸ்தாத் சொல்வார்.

காயல்_ராத்தா:

திருச்சி தம்பி சொன்னதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். தர்ஜுமா குர்ஆன் ஆகாது, அது ஒருவர் விளங்கிய பொருள். பிஸ்மில்லாஹ்வையே எடுத்துக்கொள்ளுங்கள். "அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன்" என்று தமிழில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ரஹ்மான், ரஹீம் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. தாயின் கருவறைக்கு அரபியில் ரஹிம் என்று சொல்வதும் அந்த வேரிலிருந்துதான். அருள் என்றும் அன்பு என்றும் இரண்டு சொல் போட்டவுடன் அந்த உறவு அறுந்துபோகிறது. மொழிபெயர்த்தவரின் குற்றம் இல்லை, தமிழில் அதற்கு வழி இல்லை.

ஷாஃபிஈயான நாங்கள் இமாமுக்குப் பின்னால் நின்றாலும் ஃபாத்திஹா ஓதுவோம். ஒரு நாளின் ஃபர்ளில் (கடமையான தொழுகைகளில்) மட்டும் 17 தடவை. அதைப் பிள்ளை சரியாக உச்சரிக்கவில்லை என்றால் தொழுகையே கேள்விக்குறி. "அல்ஹம்து"வில் வருகிற ஹாவுக்கும் சாதாரண ஹாவுக்கும் வித்தியாசம் பிடிபட என் மாணவிகளுக்கு மாசக்கணக்கில் ஆகிறது. தொண்டையின் நடுவில் கைவைத்துக் காட்டுவேன். இதில் பாதி நேரத்தை எங்கே வெட்டச் சொல்கிறீர்கள்?

கம்பம்_அத்தா:

சகோதரி, உங்கள் ஊரை வைத்தே கேட்கிறேன். கீழக்கரை, காயல் பக்கம் முன்னோர்கள் அரபுத்தமிழ் எதற்காக எழுதினார்கள்? அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி எழுத்து உண்டாக்கி, தமிழை அரபி எழுத்தில் எழுதி, மார்க்கத்தை வீட்டுப் பெண்களுக்குச் சொன்னார்களே. 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் எழுதியதெல்லாம் யாருக்காக? பொருள் போய்ச் சேர வேண்டும் என்றுதானே? அதற்கப்புறம் அப்துல் ஹமீது பாகவி ஹஸ்ரத் அவர்கள் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்து முழுக் குர்ஆனையும் தமிழாக்கினார்கள். ஓதினால் போதும் என்று அவர்கள் நினைத்திருந்தால் இந்தப் பாடு எதற்கு?

காயல்_ராத்தா:

இதை நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. என் உம்மாவின் உம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் சுபுஹுக்குப் பிறகு ரிஹால் பலகையை விரித்து அதில் முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) வைத்து ஓதுவார்கள். ஓரமெல்லாம் எண்ணெய் இறங்கிப் பழுத்த பக்கங்கள், ஒவ்வொரு ஜுஸ்வுக்கும் துணிக்கிழிசல் ஒன்று அடையாளம். அது முடிந்ததும் அடியிலிருந்து இன்னொரு கிதாபை எடுப்பார்கள். அதுவும் அரபி எழுத்துதான். ஆனால் வாயிலிருந்து தமிழ் வரும். தொழுகை, நோன்பு, நபிமார் கதை எல்லாம் தமிழில் சொல்வார்கள், நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்போம். அப்போது எனக்கு அது அதிசயமாகத் தோன்றவில்லை. பெரியவளான பிறகுதான் விளங்கியது. எழுத்துக்கூட்டி ஓதக் கற்றதால்தான் அவர்களால் அந்தத் தமிழைப் படிக்க முடிந்தது. ஓதல்தான் அவர்களுக்குத் திறவுகோல். நீங்கள் முன்னோர் பொருளைக் கொடுத்தார்கள் என்கிறீர்கள், உண்மைதான். ஓதத் தெரிந்த கையில்தான் கொடுத்தார்கள்.

75ஆவது சூராவில் வரிசையே இருக்கிறது. அவசரப்பட்டு நாவை அசைக்காதீர், அதைச் சேர்ப்பதும் ஓதவைப்பதும் நம் பொறுப்பு, நாம் ஓதும்போது அந்த ஓதலைப் பின்தொடர்வீராக, பிறகு அதை விளக்குவதும் நம் பொறுப்பு. ஓதல் முதலில், விளக்கம் அடுத்து.

கம்பம்_அத்தா:

வரிசை சரி. ஆனால் அந்த "பிறகு" எப்போது வரும் என்பதுதான் என் கேள்வி. எனக்கு 25 வருஷமாக வரவில்லை.

ஷார்ஜா_தம்பி:

இது நியாயமான கேள்வி, ராத்தா. நம் ஊர்களில் ஓதி முடித்தவுடன் பூந்தி கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அடுத்த படி இல்லை.

அதே சமயம் அரபி தெரிந்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். என்னோடு வேலை செய்கிற எகிப்துக்காரர் குர்ஆனில் சில சொற்களுக்குத் தஃப்ஸீர் (விரிவுரை) பார்ப்பார். நான் ஆச்சரியப்பட்டபோது அவர்தான் சொன்னார். உமர் அவர்கள் ஒரு தடவை "அபஸ" சூராவை ஓதிக்கொண்டு வந்தார்கள். "ஃபாகிஹதன் வ அப்பா" என்ற இடம். ஃபாகிஹா என்றால் கனி, தெரியும், "அப்பு" என்றால் என்ன என்று கேட்டுவிட்டு, இது வீண் சிரமம் என்று தங்களையே கடிந்துகொண்டார்கள். நம் தர்ஜுமாக்களில் தீவனம், புல் பூண்டு என்று போட்டிருக்கும்.

காயல்_ராத்தா:

"பிறகு" வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் மாணவிகளில் எத்தனை பேருக்கு அது வந்தது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். குறைவுதான். நேரத்தை வெட்டச் சம்மதிக்க மாட்டேன், ஆனால் மனனமான சூராவுக்காவது வாரம் ஒரு நாள் பொருள் சொல்லலாம், அசருக்குப் பிறகு அரைமணி நேரம் கூட்டி. மதரஸாவில் பேசிப் பார்க்கிறேன்.

கம்பம்_அத்தா:

தம்பி அபஸ சூராவைச் சொன்னதால் நேற்று ராத்திரி மகனிடம் அதையே ஓதச் சொன்னேன். 42 வசனமும் கடகடவென்று ஓதினான். அப்புறம் கதையைச் சொன்னேன். நபியவர்கள் மக்காவின் பெரிய மனிதர்களிடம் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது கண் தெரியாத அப்துல்லாஹ் பின் உம்மி மக்தூம் வந்து எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார், நபி முகம் சுளித்துத் திரும்பிக்கொண்டார்கள், அதற்காகத்தான் இந்த வசனங்கள் இறங்கின என்று.

எழுந்து உட்கார்ந்துவிட்டான். "கண்ணு தெரியாதவருக்கு நபி முகம் சுளிச்சது தெரியாதுல்லத்தா?" என்றான். ஆமாம், தெரியாது என்றேன். "அப்ப அல்லாஹ் மட்டும்தான் பாத்தான்" என்றான். பிறகு முதல் வசனத்தை மறுபடி ஓதினான், இந்தத் தடவை மெதுவாக. இதை நான் எந்தப் பயானிலும் கேட்டதில்லை.

காயல்_ராத்தா:

சுப்ஹானல்லாஹ். அந்த அப்துல்லாஹ்வைத்தான் பிறகு மதீனாவில் பிலால் அவர்களோடு பாங்கு சொல்ல வைத்தார்கள், ஊரைவிட்டு வெளியே போகும்போது பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். இதையும் அவனிடம் சொல்லுங்கள்.

அடுத்ததாக 93ஆவது, வள்ளுஹா. 11 வசனம்தான். வஹீ (இறைச்செய்தி) கொஞ்ச காலம் நின்றுபோய், உம் இறைவன் உம்மைக் கைவிட்டுவிட்டான் என்று மக்காவில் சிலர் ஏளனம் செய்தபோது இறங்கியது. முதலில் அவன் ஓதட்டும், முழுசாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. அதற்குப் பிறகு சொல்லுங்கள். "வள்ளுஹா"வில் வரும் ளாத் என்ற எழுத்து அவனுக்கு எப்படி வருகிறது என்று கவனித்து எழுதுங்கள், சகோதரரே.

கம்பம்_அத்தா:

ளாத் எனக்கே சரியாக வராது, சகோதரி. இரண்டு பேருமாக உட்காருகிறோம். இன்ஷா அல்லாஹ், நாளைக்கு இஷாவுக்குப் பிறகு.

வாசகன்_திருச்சி:

81 படித்தேன். அந்தப் பெண் குழந்தை வசனத்தைத் தாண்ட முடியவில்லை. அதை அரபியில் ஓதினால் எப்படி இருக்கும் என்று கேட்க ஆசை. யாராவது ஓதிப் பதிவு அனுப்ப முடியுமா?