அட்ரசின் களைக்கொல்லி அடிச்சும் களை திட்டுத்திட்டா வருது, ஏனுங்க?

மேட்டுக்காடு:
பல்லடம் பக்கம், மக்காச்சோளம். ஒரு காடு செம்மண், இன்னொண்ணு கரிசல். விதைச்ச மூணாம் நாள் அட்ரசின் 50 சதத் தூள், ஏக்கருக்கு 400 கிராம், 200 லிட்டர் தண்ணியில அடிச்சது. ரெண்டு நாள்ல கனமழை. செம்மண்ல மேட்டுப்பக்கம் பூராம் களை, பள்ளத்துல ஒரு புல் இல்ல. கரிசல்ல வெடிப்பு மூடாம விதைச்சாச்சு, அங்கங்க களை. மருந்து கீழ எறங்கிருச்சுங்களா? கெணத்துக்கும் வருமா?

செவ்வல்:
ரெண்டுக்கும் காரணம் வேறங்க. செம்மண்ல மழைத்துளி அடிச்சு மேல்மண் ஓடு மாதிரி இறுகிடும். தண்ணி உள்ள போகாம, மருந்தையும் வழிச்சுட்டுப் பள்ளத்துக்கு ஓடும். அடிச்ச பின்னால வர்ற முதல் ஓட்டத்துலதான் அதிகம் போகும். பள்ளத்துல மக்காச்சோளம் தாங்கிக்கும். அடுத்து அங்க வெங்காயமோ தக்காளியோ போட்டா அடி வாங்கும். சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணுன்னா அட்ரசின் இன்னும் நாள் தாங்கும்.

கரிசல்ல வெடிப்பு வழியா தண்ணி நேரா அடிக்குப் போயிருது. களை விதை முளைக்கிற மேல் ரெண்டு அங்குலத்துல மருந்து தங்கறதில்ல. நிலத்தடித் தண்ணிக்குப் போற குறுக்கு வழியும் இதேதான்.

ஓடைக்கரை:
அடுத்த தடவை விதைக்கறதுக்கு முன்னாடி ஒரு சால் ஓட்டி வெடிப்பை மூடுங்க. கட்டி உடையணும், ஆனா ரொட்டவேட்டர்ல மாவாக்கிடாதீங்க. மாவு மண்ணுதான் சீக்கிரம் இறுகும். பெரிய கட்டிக்கு அடியில மருந்து படாது, கட்டி கரைஞ்சதும் அங்கிருந்து களை கிளம்பும்.

ஈரத்துல அடிச்சு, தெளிப்பான்ல அரை அங்குலம் தண்ணி விடுங்க. ஏக்கருக்குச் சுமார் 50,000 லிட்டர். மெதுவா நனைஞ்சா மருந்து மண்ணுக்குள்ள ஊறிக்கும், அப்புறம் பெருமழை வந்தாலும் வெடிப்பு வழியா போறது குறையும். உடனே வாய்க்கால் பாச்சல் வேண்டாம்.

மேட்டுக்காடு:
சோளத்தட்டு எரிச்ச எடத்துலயும் களைங்க. இப்ப மறுபடி அடிக்கலாமா?

செவ்வல்:
வேண்டாம், பள்ளத்துல ஏற்கனவே அளவு மீறியிருக்கும். களை வெட்டி மண் அணைங்க. எரிச்ச எடத்துக் கரி அட்ரசினைப் புடிச்சு வெச்சுக்கும், களைக்கு எட்டாது. தட்டை எரிக்கறதே வீண் வேலைங்க, மாட்டுக்காவது ஆகும்.

ஓடைக்கரை:
கெணறு பள்ளத்துல இருந்தா சுத்தி வரப்பு உசத்துங்க. மருந்தடிச்ச டேங்க்கைக் கெணத்து மேட்டுல கழுவாதீங்க. கழுவின தண்ணிய அடிச்ச காட்டுலயே ஊத்திடுங்க. பெண்டிமெத்தலின்னு இன்னொரு களைக்கொல்லி இருக்கு, அது மண்ணை இறுகப் புடிச்சுக்கும், மண் அரிச்சாத்தான் நகரும். அட்ரசின் அப்படியில்ல, தண்ணியோடவே கரைஞ்சு போற சரக்கு.