[கலைச்சொல்] ‘போஸ்ட் புராசசர்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

செ. எழுதியது:

அன்புடையீர், வணக்கம்.

கணினிவழி வடிவமைப்புக்கும் எந்திர வெட்டுக்குமான ஒரு கட்டற்ற மென்பொருளின் இடைமுகத் தமிழாக்கம் முடியும் தறுவாயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமையோடு சரங்கள் (திரையில் தோன்றும் சொற்களும் செய்திகளும்) பூட்டப்படும். அடுத்த வெளியீடு வரை கைவைக்க முடியாது. ‘ஸ்கெட்ச்’சுக்கு வரைவு, ‘டூல்பாத்’துக்கு வெட்டுத்தடம், ‘ஸ்டாக்’குக்கு மூலக்கட்டை என்று ஒருவழியாக முடித்தாயிற்று. ‘போஸ்ட் புராசசர்’ மட்டும் நிற்கிறது. பழைய கோப்பில் ‘பின்செயலி’ என்று இருக்கிறது. எனக்கு அதில் மனநிறைவு இல்லை.

அறியாதவர்களுக்காக: மென்பொருள் கணிக்கும் வெட்டுத்தடம், அதாவது வெட்டுமுனை செல்லும் வழி, எல்லா எந்திரத்துக்கும் பொது. அதை வாங்கி, நம் எந்திரத்தை இயக்கும் கணினியான கன்ட்ரோலருக்குப் புரியும் ஜி-கோட் (எழுத்தும் எண்ணுமாக எழுதும் வெட்டுக் கட்டளைகள்) ஆக எழுதித் தருவதுதான் போஸ்ட் புராசசர், சுருக்கமாகப் போஸ்ட். சந்தாக் கட்டணம், பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும் பொத்தான்கள், ஒரு விளிம்பைத் திருத்தியதும் அதன்மேல் கட்டிய வடிவமெல்லாம் உடைந்துபோவது என்று இவ்வகை மென்பொருள்கள்மீது பயனர்களின் குறைகள் பல உண்டு. அவற்றால் நேரமும் பணமும் போகும். ஆனால் போஸ்டில் பிழை என்றால் டூல் (வெட்டுமுனை) உடையும், ஜாப் (வெட்டப்படும் பொருள்) வீணாகும், சில சமயம் டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலே அடிவாங்கும். ஆகவே இந்தச் சொல்லில் குழப்பம் இருக்கக் கூடாது.

பெயர்ச்சொல் மட்டும் போதாது. பொத்தானுக்கு ஏவல் வினை வேண்டும், பிழைச்செய்தியில் வேற்றுமை உருபு ஏற்க வேண்டும். பொத்தானில் 14 எழுத்துக்கு மேல் இடமில்லை.

ந. எழுதியது:

‘பின்செயலி’ புணர்ச்சியிலேயே பிழை. பின் என்பது காலத்தைக் குறித்தால் னகரம் றகரமாகும்: பிற்பகல், பிற்காலம், பிற்சேர்க்கை. இடத்தைக் குறித்தால் மாறாது: பின்கட்டு, பின்பக்கம். இங்கே ஒன்று முடிந்தபின் நடக்கும் செயல், ஆகவே காலம். ‘பிற்செயலி’ என்க. வேறு ஆய்வு தேவையில்லை.

தா. எழுதியது:

ந. ஐயா, பின்பனிக்காலம் காலம்தானே? அங்கே ஏன் ‘பிற்பனி’ ஆகவில்லை?

ந. எழுதியது:

பின்பனி மரபால் நிலைத்துவிட்ட வழக்கு. விதிவிலக்கை வைத்து விதியை அளக்கலாகாது.

மு. எழுதியது:

னகரமா றகரமா என்பதற்கு முன், இதற்குப் ‘பின்’ என்ற அடையே ஏன் என்று கேட்க வேண்டும். 1950-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் எந்திர வெட்டுக்கான ஏ.பி.டி. என்ற கணினிமொழி உருவானது. அதில் எழுதிய வடிவ விவரத்தை முதன்மைச் செயலி ஒன்று படித்து, வெட்டுமுனை எங்கெங்கே போக வேண்டும் என்ற இருப்பிடத் தரவைத் தரும். அதற்கடுத்து இயங்கும் இரண்டாவது நிரல் அந்தத் தரவைக் குறிப்பிட்ட எந்திரத்துக்கு ஏற்ப மாற்றும். முதல் செயலிக்குப் பிறகு வந்ததால் அந்தப் பெயர். இன்றைய பயனர் கண்ணுக்கு அந்த முதல் செயலி தனியாகத் தெரிவதே இல்லை. எதற்குப் பின் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத சொல் அது. போதாக்குறைக்குச் ‘செயலி’ இன்று கைப்பேசியில் நிறுவுவதற்குப் பெயராகிவிட்டது. பட்டறையிலோ ‘பின்’ என்றால் இரு பாகங்களை இணைக்கும் உருளை முளை. ‘பின்செயலியைச் சரிபார்’ என்று திரையில் வந்தால் படிப்பவர் முளையைத் தேடுவார்.

வ. எழுதியது:

வகுப்பறைத் தேவையைச் சொல்கிறேன். ஜாப் கெட்டால் பிழை நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்: வரைவு, வெட்டுத்தடம், போஸ்ட், கன்ட்ரோலர் அமைப்பு. பயில்வோர் வரைவையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது இடம் என்று ஒன்று இருப்பதையே ‘பின்செயலி’ உணர்த்துவதில்லை. அங்கே என்னென்ன நடக்கும் என்று பாருங்கள்.

‘ஜி4 பி500’ என்பது துளையின் அடியில் டூல் சற்று நிற்பதற்கான கட்டளை. ஃபானுக் என்ற கன்ட்ரோலரில் ‘பி’ மில்லிநொடி, ஆகவே அரை நொடி. லினக்ஸ்சிஎன்சி, ஜிஆர்பிஎல் என்ற கட்டற்ற கன்ட்ரோலர் மென்பொருள்களில் ‘பி’ நொடி, ஆகவே 8 நிமிடம் 20 நொடி. டூல் அதுவரை ஒரே இடத்தில் தேய்ந்து சூடாகும்.

‘ஜி71’ சீமென்ஸ் கன்ட்ரோலரில் மில்லிமீட்டர் அளவு என்று பொருள். ஃபானுக் லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) அதுவே முரட்டு வெட்டுச் சுழற்சி, அதாவது பெருமளவு பொருளை முதலில் சீவியெடுக்கும் தொடர் நகர்வு.

எக்ஸ் அச்சில் நகர ‘எக்ஸ்10’ என்று பதின்மப் புள்ளியில்லாமல் எழுதினால், அளவுரு அமைப்பைப் பொறுத்து, சில ஃபானுக் எந்திரங்கள் 0.01 மி.மீ. என்றே எடுத்துக்கொள்ளும். ‘எக்ஸ்10.’ என்று புள்ளி வைத்தால்தான் 10 மி.மீ.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘ஜி28 இசட்0’. இது டூலை இசட் என்ற மேல்-கீழ் அச்சில், மேலே எந்திரத்தின் நிலையான வீட்டுப்புள்ளிக்கு அனுப்பத்தான். ஆனால் ஜி90 (சுழியத்திலிருந்து அளக்கும்) நிலையில் இருந்தால், இசட்0 என்ற இடைப்புள்ளிக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பும். இசட்0 ஜாப்பின் மேற்பரப்பு என்று வைத்திருந்தால் டூல் முழு வேகத்தில் அங்கே இறங்கும். அதற்கும் கீழே குழிக்குள் இருந்தால் மட்டும் தப்பிக்கும். ‘ஜி91 ஜி28 இசட்0’ என்று எழுதும் போஸ்டில் இந்தச் சிக்கல் இல்லை, ஜி91 டூல் இருக்கும் இடத்திலிருந்தே அளக்கும்.

இவை எவையும் மென்பொருளின் பாவனை ஓட்டத்தில் (திரையில் வெட்டிக்காட்டும் ஒத்திகையில்) தெரியமாட்டா. பல மென்பொருள்கள் ஓட்டிக்காட்டுவது போஸ்டுக்கு முந்திய வெட்டுத்தடத்தை. வெளிவந்த ஜி-கோட் கோப்பையே திரும்பப் படித்து ஓட்டிக்காட்ட வேண்டும் என்று பயனர்கள் விடாமல் கேட்பது இதனால்தான். போஸ்ட் பூட்டப்படாத உரைக்கோப்பாக இருக்க வேண்டும், நாமே திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை. எந்தச் சொல்லை வைத்தாலும் சரி, ‘இந்தக் கட்டத்தில் கட்டளை எழுதப்படுகிறது’ என்று அது காட்டினால் போதும்.

இ. எழுதியது:

‘பொறிமொழியாக்கி’ என்று முன்மொழிகிறேன். வினை ‘பொறிமொழியாக்கு’, ஏழே எழுத்து. எந்திரம் வடசொல் வழி வந்தது, பொறி நம்முடையது. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை நினையுங்கள். அந்த மயில் வடிவ வானூர்தியில் சீவகனின் தாய் விசயை பொறியை வலந்திரிக்க மயில் எழும், இடந்திரிக்க இறங்கும். வலஞ்சுழிக்கு ஜி02, இடஞ்சுழிக்கு ஜி03 என்று இன்று நாம் எழுதுவதும் பொறிக்குச் சொல்லும் மொழியே. பொறித்தல் என்றால் எழுத்தை வெட்டிப் பதித்தல். கல்வெட்டில் பொறித்தார்கள், நாம் அலுமினியத்தில் பொறிக்கிறோம். கருவி, எழுத்து, வெட்டு மூன்றும் ஒரே வேரில் நிற்கும் சொல் வேறு எங்கே கிடைக்கும்?

தா. எழுதியது:

அழகான வேர், இ. அம்மா. ஆனால் ‘பொறியின்மை யார்க்கும் பழியன்று’ என்ற குறளில் பொறிக்கு ஊழ் என்றும் உறுப்பு என்றும் உரை உண்டு. எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி, புலிப்பொறி எல்லாம் வேறு வேறு. எந்திரத்தையும் அயலென்று தள்ள வேண்டாம். ஐங்குறுநூற்றிலும் புறநானூற்றிலும் கரும்பாலைக்குக் ‘கரும்பின் எந்திரம்’ என்றே பெயர்.

இதைவிடப் பெரிய இடர்: கணிப்பொறியியல் பாடநூல்களில் ‘பொறிமொழி’ என்பது 0, 1 ஆகிய இரும எண்களால் ஆன மொழி. ஜி-கோட் மனிதர் படிக்கும் உரை. ஒரே மாணவர் இரண்டு பாடத்தையும் படிப்பார்.

என் சொல் ‘வழக்காக்கி’. ஜி-கோடுக்கு ஐ.எஸ்.ஓ. 6983 என்று ஒரு தரம் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு கன்ட்ரோலரும் தன் வட்டார வழக்கையே பேசுகிறது, வ. காட்டியவை அத்தனையும் வழக்கு வேறுபாடுகள்தாம். ஹைடன்ஹைன் கன்ட்ரோலர் தன் சொந்த மொழியில் நேர்க்கோட்டுக்கு ‘எல்’, வட்ட மையத்துக்குச் ‘சிசி’ என்று எழுதுகிறது. ‘வழக்கும் செய்யுளும்’ என்ற தொல்காப்பியப் பாயிரத்தின் வழக்கு இதுவே.

மு. எழுதியது:

பொத்தானில் ‘வழக்காக்கு’ என்று பார்த்தால் நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். பாயிரம் படித்தவர் மட்டும் எந்திரம் ஓட்டுவதில்லை. ‘போஸ்ட்’ என்றே விடலாம். ‘புரோகிராமைப் போஸ்ட் பண்ணு’ என்று சொல்பவர் அத்தனை பேருக்கும் உடனே புரியும்.

இன்னொன்று. மேலே தா. ‘ஜி-கோடுக்கு’ என்று எழுதியிருக்கிறார். வரைவு மென்பொருளில் கோடு என்றால் கோடு. ‘ஜி-கோடு அழிக்கப்பட்டது’ என்று வந்தால் வரைந்த கோட்டைக் காணோம் என்று தேடுவார்கள். ‘ஜி-கோட்’ என்றோ ‘ஜி-குறி’ என்றோ ஒரே வடிவம் வையுங்கள்.

ந. எழுதியது:

டகர மெய் சொல்லின் ஈற்றில் நிற்காது. ‘ஜி-குறி’ ஒன்றே வழி. ஜகரம் என்ற கிரந்த எழுத்து பற்றித் தனி மடல் இடுகிறேன்.

வ. எழுதியது:

தயவுசெய்து ஜகரம் தனி இழையில். ‘கட்டளையாக்கி’ எப்படி? வினை ‘கட்டளையாக்கு’. ‘கட்டளையாக்கியில் பிழை’, ‘கட்டளையாக்கியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று உருபும் தடங்கலின்றி ஏற்கிறது. உதாரணத்துக்கு, ஜிஆர்பிஎல்லுக்கு ஜி81 துளைச் சுழற்சி தெரியாது. ‘கட்டளையாக்கி ஜி81-ஐ ஜி0, ஜி1 நகர்வுகளாக விரிக்கும்’ என்று உதவிப் பக்கத்தில் எழுதினால் முதல் வாசிப்பிலேயே பொருள் வந்துவிடுகிறது.

மு. எழுதியது:

ஏற்கிறேன். கருவிக்குறிப்பில் (சுட்டியை வைத்தால் தோன்றும் சிறுவிளக்கத்தில்) ‘போஸ்ட்’ என்ற சொல்லும் இருக்கட்டும், தேடினால் அகப்பட வேண்டும்.

இ. எழுதியது:

வேர் வளம் இல்லாத சொல். ஆயினும் காலக்கெடு கருதி எதிர்க்கவில்லை.

செ. எழுதியது:

நன்றி. ‘கட்டளையாக்கி’, ‘கட்டளையாக்கு’, ‘ஜி-குறி’ மூன்றையும் ஏற்றிவிட்டேன். கருவிக்குறிப்பில் ‘போஸ்ட்’ உண்டு. ‘ஜி28’க்கு வ. சொன்ன எச்சரிக்கையையும் உதவிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். ந. ஐயாவின் ‘பிற்செயலி’ மாற்றுச்சொல்லாகப் பதிவாகியுள்ளது.

தா. எழுதியது:

என் மறுப்பையும் பதிவு செய்யுங்கள். கட்டளை என்றால் எல்லா எந்திரத்துக்கும் ஒரே கட்டளை என்ற எண்ணம் எழும். அந்த எண்ணத்தால்தான் ஒரு எந்திரத்துக்கு எழுதிய கோப்பை இன்னொன்றில் ஏற்றுகிறார்கள். வட்ட மையத்தைக் குறிக்கும் ஐ, ஜே மதிப்புகளைத் தொடக்கப்புள்ளியிலிருந்து அளக்கும் கன்ட்ரோலரும் உண்டு, நிரலின் சுழியத்திலிருந்து அளக்கும் கன்ட்ரோலரும் உண்டு. மாற்றி ஏற்றினால் சிறு வளைவு பெருவட்டமாக விரிந்து, ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் மேல் ஓடும். சொல் போனாலும் போகட்டும், தேர்வுப் பட்டியலின் தலைப்பையாவது ‘கன்ட்ரோலர் வழக்கு’ என்று வையுங்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது.