குழு அழைப்பில் மூன்று பேஜர் மட்டும் ஒலிப்பதில்லை, என்கோடரில் கோளாறா?

வடக்குக்காற்று:
வணக்கம். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் தொலைத்தொடர்புப் பிரிவில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. நோயாளிக்கு இதயம் நின்றுவிட்டால் வார்டிலிருந்து 2222-க்கு அடிப்பார்கள். சுவிட்ச்போர்டில் இருப்பவர் என்கோடரில் (பேஜர்களுக்கு ரேடியோவில் அழைப்பு அனுப்பும் கருவி) குழு எண்ணைத் தட்டுவார். அவசரக் குழுவின் 11 பேஜரும் ஒன்றாக அலற வேண்டும். தினமும் காலை ஒரு சோதனை அழைப்பு போகும், பேஜர் ஒலித்தவர்கள் திரும்ப போன் செய்து சொல்வார்கள். பத்து நாளாக அதே மூன்று பேஜர்களிலிருந்து பதில் இல்லை. தனியாக அழைத்தால் மூன்றும் நன்றாக ஒலிக்கின்றன. பேஜருக்குச் செய்தி அனுப்பும் போக்சாக் முறை, வேகம் 512 பாட், அதாவது நொடிக்கு 512 பிட். இப்போதைக்கு அந்த மூன்றுக்கும் தனியாகவும் அழைப்பு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என்கோடரை மாற்றச் சொல்லலாமா? இல்லை, 11 பேஜருக்கும் ஒவ்வொன்றாக அனுப்பும்படி வைத்துவிடலாமா?

பழைய பேஜர்காரர்:
தம்பி, என்கோடரைத் தொடாதீர்கள். எட்டு பேஜர் ஒலிக்கிறது என்றால் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அந்த மூன்று பேஜரையும் புரோகிராமரில் (பேஜருக்குள் எண்களை எழுதவும் படிக்கவும் உதவும் கருவி) வைத்து, உள்ளே என்னென்ன கேப்கோடு, அதாவது பேஜர் எந்த எண்ணுக்கு வரும் அழைப்பில் ஒலிக்க வேண்டுமோ அந்த முகவரி எண், இருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

1995-ல் மெட்ராஸில் பேஜர் சேவை தொடங்கிய நாட்களிலேயே ஒரு நிறுவனத்தின் என்கோடர் அறையில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். என்கோடரில் 'குழு' என்று இருப்பது இரண்டு விதமாக வேலை செய்யும். ஒன்று, எல்லாப் பேஜருக்குள்ளும் சொந்த எண்ணோடு பொதுவான ஒரு கேப்கோடையும் எழுதி வைப்பது. காற்றில் ஒரே ஒரு செய்தி போகும், எல்லாம் ஒரே நொடியில் ஒலிக்கும். இன்னொன்று, என்கோடர் தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு எண்ணுக்கும் தனியாக அனுப்புவது. உங்களுடையது முதல் வகை என்று தெரிகிறது. அந்த மூன்று பேஜரிலும் பொதுக்கோடு இல்லாமல் இருக்கும், அல்லது தப்பாக இருக்கும்.

பட்டியல் முறைக்கு மாற வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 512 பாட்டில், செய்திக்கு முன் பேஜர்களை எழுப்பப் போகும் முன்னோட்ட பிட்டுகள் 576, அதற்கே 1.1 நொடி ஆகும். அப்புறம் செய்தியைச் சுமந்து போகும் தொகுப்பான பேட்ச் ஒன்றுக்கு 544 பிட், இன்னொரு 1.06 நொடி. 20 எழுத்துச் செய்தி முகவரியோடு சேர்ந்து பேட்ச்சுக்குள் எட்டு கோடுவேர்டு (பிட்டுகளின் சிறு துண்டு) பிடிக்கும், சில நேரம் இரண்டாவது பேட்ச்சுக்கும் வழியும். ஆக ஒரு பேஜருக்கு இரண்டு முதல் மூன்றேகால் நொடி. என்கோடர் ஒவ்வொன்றையும் தனி அழைப்பாக அனுப்பினால் பதினோராவது பேஜர் ஒலிக்க அரை நிமிடம் ஆகிவிடும். அந்தப் பதினோராவது பேஜர் மயக்க மருந்து மருத்துவருடையதாக இருந்தால்?

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1996 மார்ச் 13, ஈடன் கார்டனில் இந்தியா–இலங்கை அரையிறுதி. ஸ்கோர் சேவைக்குப் பணம் கட்டியவர்களுக்கெல்லாம் ஒரே பொதுக்கோடுதான். அன்று புதிதாக வந்த பையன் ஒருவன் பட்டியலைத் தேர்ந்தெடுத்துவிட்டான். 98-க்கு ஒன்று என்ற ஸ்கோரே வரிசையில் நின்றுகொண்டிருக்க, அங்கே விக்கெட்டுகள் சரிந்து 120-க்கு எட்டு ஆகிவிட்டது. ஸ்கோர் தாமதமானதில் ஒன்றும் குடிமுழுகவில்லை. ஆனால் அதே வரிசையில் ஒரு பிரசவ மருத்துவருக்கான அழைப்பும் மாட்டிக்கொண்டிருந்தது. திரையில் அந்த வரி நகராமல் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

சிற்றலை:
நான் அமெச்சூர் ரேடியோக்காரன். அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். போக்சாக்கில் ஒரு பேட்ச்சுக்குள் எட்டு ஃப்ரேம், அதாவது எட்டுப் பகுதிகள். கேப்கோடை எட்டால் வகுத்தால் வரும் மீதிதான் அந்தப் பேஜருக்கான ஃப்ரேம். பேட்டரியை மிச்சப்படுத்த, பேஜர் அந்த ஃப்ரேமில் மட்டும் விழித்துக்கொள்ளும். சில பழைய மாடல்களில் எல்லாக் கோடும் ஒரே ஃப்ரேமில் இருந்தால்தான் எடுக்கும். உதாரணமாக 0204811-க்கு மீதி 3, 0205000-க்கு மீதி 0. மூன்றும் பழைய மாடலா என்று பாருங்கள்.

வடக்குக்காற்று:
மூன்றும் மற்றவற்றைப் போல அதே மாடல்தான், அதனால் ஃப்ரேம் பிரச்சினை இல்லை. புரோகிராமரில் வைத்துப் படித்தேன். இரண்டில் முதல் இடத்தில் சொந்த எண் இருக்கிறது, இரண்டாவது இடம் காலி. விசாரித்தால், இரண்டுமே தொலைந்த பேஜர்களுக்குப் பதிலாக இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்த உபரிகளாம். பின்புற ஸ்டிக்கரில் பேனாவால் சொந்த எண்ணை மட்டும் எழுதியிருந்தார்கள். புரோகிராம் செய்தவர் அதைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார். மூன்றாவதில் பொதுக்கோடு இருந்தது, ஆனால் 0205000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0250000. மூன்றையும் திருத்தி மறுபடி சோதனை அனுப்பினேன். மேசைமேல் மூன்றும் ஒன்றாக அதிர்ந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. ரொம்ப நன்றி அண்ணா.

பழைய பேஜர்காரர்:
மகிழ்ச்சி தம்பி. இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. இழுப்பறையில் மிச்சமுள்ள உபரி எல்லாவற்றின் ஸ்டிக்கரிலும் பொதுக்கோட்டையும் எழுதிவிடுங்கள். ஆனால் அவசரக் குழுவுக்குக் கொடுக்கும்போது மட்டும் அதைப் பேஜருக்குள் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் நாளைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் இடுப்பில் அது அலறும்.

அப்புறம் 0250000 யாருடைய சொந்த எண் என்று பட்டியலில் பாருங்கள். யாருக்காவது அது இருந்தால், அவருக்கு வந்த அழைப்புகளெல்லாம் அந்த மூன்றாவது பேஜரிலும் ஒலித்திருக்கும். அதை வைத்திருந்தவரிடம் கேளுங்கள்.

வடக்குக்காற்று:
பார்த்தேன். அந்த எண் சமையலறை மேற்பார்வையாளருடையது. சாப்பாட்டு வண்டி பற்றி ஏன் தனக்குச் செய்தி வருகிறது என்று அந்த மருத்துவர் இரண்டு முறை புகார் எழுதியிருக்கிறார். இரண்டுமே எங்கள் கோப்பில்தான் இருக்கின்றன.