99.99 சதவீத ஹைட்ரஜன் கொடுத்தும் எரிபொருள் மின்கலத்தின் மின்னழுத்தம் சரிவது ஏன்?

ஆய்வு மாணவி (கேள்வி):

வணக்கம். பிளாட்டினம் வினையூக்கியும், புரோட்டான்களைக் கடத்தும் நஃபியான் சவ்வும் கொண்ட, 25 சதுர செ.மீ. பரப்புள்ள ஒற்றை மின்கலம் ஒன்றை 70 டிகிரி செல்சியஸில், மாறாத மின்னோட்டத்தில் ஓட்டி வருகிறேன். சென்ற வாரம் ஹைட்ரஜன் சிலிண்டரை மாற்றியது முதல், 0.66 வோல்ட்டில் நின்றிருந்த மின்னழுத்தம் ஒரு மணி நேரத்துக்குள் 0.5 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. பழைய சிலிண்டரில் எஞ்சியிருக்கும் வாயுவைக் கொடுத்தால், சில மணி நேரத்தில் ஏறத்தாழ முன்பிருந்த நிலைக்கே திரும்புகிறது. ஈரப்பதமூட்டி, காற்றின் அளவு, இணைப்புகள் ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டேன். புதிய சிலிண்டரின் சான்றிதழ் 99.99 சதவீதம் என்கிறது; மெத்தனாலிலிருந்து பிரித்தெடுத்த வாயு என்று விற்பனையாளர் சொன்னார். இவ்வளவு தூய வாயுவில் எதனால் இப்படி ஆகிறது? மின்கலம் பழுதாகிவிட்டதா?

மின்வேதியன்:

99.99 என்ற எண் மீதி 0.01 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அந்த மீதியோ 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு. வாகன எரிபொருள் மின்கலங்களுக்கான ஐஎஸ்ஓ 14687 தரத்தின் 2019 பதிப்பு கேட்பது 99.97 சதவீதம் மட்டுமே, அதாவது உங்கள் சிலிண்டரைவிடக் குறைவு. நைட்ரஜன் 300 பிபிஎம் வரை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும் அத்தரம், கார்பன் மோனாக்சைடுக்கு 0.2 பிபிஎம், கந்தகச் சேர்மங்கள் அனைத்துக்கும் சேர்த்து 0.004 பிபிஎம் என்று வரம்பு கட்டுகிறது.

மெத்தனாலிலிருந்து வந்த வாயு என்றால் என் சந்தேகம் கார்பன் மோனாக்சைடின் மேல்தான். ஹைட்ரஜன் வந்து அமர்ந்து பிரிய வேண்டிய பிளாட்டினத் தளங்களில் அது இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்வதால், எஞ்சிய சில தளங்களே முழு மின்னோட்டத்தையும் சுமக்க நேர்கிறது. 10 பிபிஎம் அளவே 70, 80 டிகிரியில் இயங்கும் கலத்தைக் கடுமையாகப் பாதிக்கும்.

சோதனைக்கூடத்தார்:

முன்னவர் சொன்னது பெரும்பாலும் சரி. ஆயினும் மெத்தனால் என்ற ஒரு சொல்லை வைத்து முடிவுகட்ட வேண்டாம் என்பேன். மாசு எது என்பதைச் சரிவைவிட மீட்சிதான் தெளிவாகக் காட்டும். ஹைட்ரஜன் சல்பைடாக இருந்தால், தூய ஹைட்ரஜனை எவ்வளவு நேரம் விட்டாலும் இழந்தது முழுதாகத் திரும்பாது. மின்வாயை உயர்ந்த மின்னழுத்தத்துக்கு ஏற்றிக் கந்தகத்தை ஆக்சிஜனேற்றம் செய்தாக வேண்டும். அம்மோனியா பிளாட்டினத்தோடு நிற்காமல், அம்மோனியம் அயனியாக மாறிச் சவ்வுக்குள் புகுந்து புரோட்டான்களின் இடத்தைப் பிடிப்பதால் மின்தடை உயரும், மீட்சியும் மிக மெதுவாக நடக்கும். நைட்ரஜன் எதையும் நஞ்சாக்குவதில்லை. வெளியேறும் வழியை அடைத்து ஓட்டும் கலத்தில் தேங்கினால் மட்டுமே தொல்லை. கார்பன் டைஆக்சைடை அப்பாவி என்று நினைக்கிறோம், ஆனால் பிளாட்டினத்தின் மேல் அது ஹைட்ரஜனோடு வினைபுரிந்து சிறிதளவு கார்பன் மோனாக்சைடைத் தானே உண்டாக்கிவிடும்.

உங்களுக்குச் சில மணி நேரத்தில் திரும்புவதால் கந்தகத்தைப் பின்னுக்குத் தள்ளலாம். கலத்தின் வெப்பநிலையை 80 டிகிரிக்கு உயர்த்திப் பாருங்கள்; பிறகு ஹைட்ரஜனோடு 2 சதவீதம் காற்றைக் கலந்து பாருங்கள். வெப்பம் கார்பன் மோனாக்சைடின் பிடியைத் தளர்த்தும், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை எரிக்கும் என்பதால், இரண்டுக்கும் சரிவு குறைந்தால் கார்பன் மோனாக்சைடுதான். கூடவே மின்தடையையும் அளந்து வையுங்கள்.

ஆய்வு மாணவி:

இருவருக்கும் நன்றி. 80 டிகிரியில் சரிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2 சதவீதக் காற்றைக் கலந்த சில நிமிடங்களில் 0.64 வோல்ட்டுக்கு ஏறிவிட்டது. மின்தடை மாறவே இல்லை. இதே முறையில் காற்றைக் கலந்தபடியே 200 மணி நேரச் சோதனையை முடித்துவிடலாமா? புதிய சிலிண்டர் வர இன்னும் மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள்.

சோதனைக்கூடத்தார்:

வேண்டாம். கலக்கும் ஆக்சிஜனில் மிகச் சிறு பங்கே கார்பன் மோனாக்சைடை எரிக்கிறது. மற்றதெல்லாம் வினையூக்கியின் மேலேயே ஹைட்ரஜனோடு எரிந்து வெப்பத்தையும் ஓரளவு ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்குகிறது. குழாய்களிலிருந்து இரும்பு அயனி கொஞ்சம் கரைந்து வந்திருந்தாலும், அந்தப் பெராக்சைடு தனியுறுப்புகளாக (எதனோடும் உடனே வினைபுரியும் துணுக்குகளாக) உடைந்து சவ்வை அரிக்கும். முடிவில் நீங்கள் அளப்பது உங்கள் வினையூக்கியின் ஆயுளா, காற்றுக் கலப்பின் விளைவா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிளாட்டினம்-ருத்தீனியம் ஆனோடு (ஹைட்ரஜன் பக்க மின்வாய்) கார்பன் மோனாக்சைடை இதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். பாஸ்பாரிக் அமிலம் ஏற்றிய சவ்வோடு 160 டிகிரியில் இயங்கும் கலங்களோ 1 சதவீதக் கார்பன் மோனாக்சைடையும் தாங்குகின்றன. ஆனால் உங்கள் ஆய்வு அதைப் பற்றியதல்லவே.

மின்வேதியன்:

அடுத்த சிலிண்டர், நீரை மின்னாற்பகுத்து எடுத்த வாயுவாக இருக்கட்டும். சான்றிதழில் கார்பன் மோனாக்சைடு, மொத்தக் கந்தகம் இரண்டையும் தனித்தனியாக பிபிஎம் அளவில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது வரும்வரை, பழைய சிலிண்டரில் மிஞ்சியிருப்பதைச் செலவழிக்காமல் ஒப்பீட்டுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.